ஆகாயம் பார்க்க 76 படி இறங்குங்கள்!

லண்டன் மாநகருக்குப் போகிறவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சிவப்புச் சட்டையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்த சிப்பாய்கள் காவல் மாறும் வேடிக்கையைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் நசுங்கிய குடையை நிமிர்த்திக்கொண்டு, நீங்களும் விக்டோரியா ரயில்வே ஸ்டேஷன் பக்கமாக நடப்பீர்கள். ஸ்டேஷனோடு நின்றுவிடாதீர்கள். பக்கிங்ஹாம் அரண்மனைச் சாலையிலேயே மேலும் சற்றுத் தூரம் நடந்தால், எபரி பாலத்துக்குத் திரும்பும் சந்திப்பு ஒன்று வரும். பஸ்களும் டாக்ஸிகளும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நம்முடைய யாத்திரை அங்கேதான் ஆரம்பமாகிறது.

1940-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உச்சிவேளை. ஜெர்மன் குண்டு விமானங்கள் லண்டனை நோக்கிக் கூட்டமாக வந்தன. டார்னியர் ரக விமானம் ஒன்று கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே வந்தது. ரே ஹோம்ஸ் என்ற 26 வயது இளைஞர் தம் ஹரிக்கேன் விமானத்தில் அதன்மேல் பாய்ந்தார். துப்பாக்கியில் ரவை தீர்ந்துவிட்டது! தம்முடைய இறக்கையாலேயே எதிரியின் வாலில் மோதினார். வால் முறிந்த டார்னியர் விக்டோரியா ஸ்டேஷன் வாசலில் வந்து விழுந்தது. ஹோம்ஸின் விமானமும் அவர் கைக்கு அடங்காமல் தலைகுப்புறப் பாய்ந்து, இப்போது நீங்கள் நிற்கிறீர்களே, அந்தச் சந்திப்பில் தரைக்குள் புதைந்தது. ஹோம்ஸ் பாராசூட்டில் குதித்தார். ஒரு வீட்டுக் கூரைமேல் இறங்கி, அங்கிருந்து சறுக்கி, ஒரு குப்பைத் தொட்டியில் வந்து நின்றார். நம் ஊர் சினிமாவில் இப்படி ஒரு காட்சி வைத்தால் தரை டிக்கெட்டுக்காரர்கூட நம்பமாட்டார். ஆனால் இது நடந்த சங்கதி. டார்னியர் வாலில்லாமல் கீழே வரும் காட்சியை அன்றைக்கே படம் பிடித்திருக்கிறார்கள்.

2004-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு டெலிவிஷன் கம்பெனியார் இந்தச் சாலையைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட நேரிலேயே ஒளிபரப்பினார்கள். 64 வருஷம் மண்ணுக்குள் கிடந்த ஹரிக்கேனின் என்ஜின் மேலே வந்தது. ஹோம்ஸ் அப்போது 89 வயதுக் கிழவர். மறு வருஷம் காலமானார். நல்ல வேளை, தம் விமானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டே போனார்.

நேயர்களே, இதில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் துண்டுப் படம் டெலிவிஷனில் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறது. 'அரண்மனையைக் காத்த வீரர்' என்ற தலைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த டார்னியர் அரண்மனையைக் குறி வைத்து வந்ததாகச் சொல்வதை ஆராய்ச்சியாளர்கள் ஒப்புவதில்லை. ஹோம்ஸ் மோதுவதற்கு முன்பே பல விமானங்கள் அதைச் சல்லடையாகத் துளைத்திருந்தன. அதன் விமானி, ராபர்ட் ஸேபெ என்பவர், பாராசூட்டில் குதித்து, தேம்ஸ் நதிக்குத் தெற்கே கென்னிங்டனில், ஓவல் கிரிக்கெட் மைதானத்துக்குச் சமீபமாக இறங்கினார். ஒரு வாரமாக இரவெல்லாம் குண்டு வாங்கித் தூக்கமில்லாமல் இருந்த ஜனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். சிப்பாய்கள் வந்து மீட்டார்கள். ஆனாலும் அவர் பிழைக்கவில்லை. குப்பைத் தொட்டியில் இறங்கியவரும் விமானிதான், கென்னிங்டன் தெருவில் இறங்கியவரும் விமானிதான். துண்டுப் படத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

★

யுத்த விமானிகளைப் பற்றிய டெலிவிஷன் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்நாட்டில் அது ஓடாத வாரம் இல்லை. இப்போது நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியிலேயே பார்த்துவிடுகிறோம். முதலில் தடதடவென்று முரசு. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒரு கனத்த குரல். பசும்புல்லில் நாற்காலி போட்டுக்கொண்டு இளைஞர்கள் சாய்ந்திருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் நாய். டெலிபோன் மணி அடிக்கிறது. எல்லாரும் எழுந்து ஓட்டம். அடுத்த கணம் ஆகாயத்தில் இருக்கிறோம். டட்டட்டட்... புகை... ஒரு விமானம் சுருண்டு விழுகிறது. இறங்கி வந்த இளைஞர் கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கிறார். சுபம்.

இந்தப் படங்களை இதுவரையில் யாராவது ஒருவர் பார்த்துவிட்டு, "அப்பா, அது அப்படி இல்லை" என்று சொல்ல முடிந்தது. 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த அந்தச் சண்டைக்கு 'பிரிட்டன் யுத்தம்' என்று பெயர். பிரிட்டிஷ் தரப்பில் அதில் பறந்தவர்கள் ஏறக்குறைய 2,900 பேர். 544 பேர் அந்த நான்கு மாதத்துக்குள்ளேயே மாண்டார்கள். மீதிப் பேரில் கடைசியாக உயிரோடிருந்தவர் ஜான் ஹெமிங்வே என்ற ஐரிஷ்காரர். ஹரிக்கேன் ஓட்டியவர், எதிரியின் குண்டு பட்டு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பாராசூட்டில் குதித்தவர். தம்மை வீரர் என்று சொல்லிக்கொள்ள அவருக்குப் பிடிப்பதில்லை. எல்லாம் அதிர்ஷ்டம் என்பார். 2025-ஆம் வருஷம் மார்ச் 17-ந் தேதி, 105-ஆம் வயதில், டப்ளின் நகரில் அவர் கண்ணை மூடினார். இனிமேல் படம் சொல்வதை மறுத்துப் பேச அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் சாட்சி.

அதனால்தான் அந்த இடங்களைப் போய்ப் பார்ப்பது நல்லது என்கிறேன். கற்களும் மேஜைகளும் படிக்கட்டுகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னணி இசை கிடையாது.

★

லண்டன் பாதாள ரயிலில் மேற்கே கடைசி ஸ்டேஷன்களில் ஒன்று அக்ஸ்பிரிட்ஜ். அங்கே இறங்கி விசாரித்துக்கொண்டு போனால், பழைய விமானப் படை முகாம் இருந்த இடத்தில், மரங்களுக்கு நடுவே ஒரு சிறு வாசல். உள்ளே படிக்கட்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள், 76 படி. பூமிக்கு அடியில் 60 அடி ஆழம் வந்துவிட்டீர்கள். முழங்கால் வலிக்காரர்கள் திரும்பி ஏறுவதை நினைத்து இப்போதே பெருமூச்சு விடலாம்.

ஆகாயத்தில் நடந்த யுத்தத்தை இந்தப் பாதாளத்திலிருந்துதான் நடத்தினார்கள்! லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காத்த 11-வது குரூப்பின் தலைமை அறை இது. நடுவே பெரிய மேஜை. அதன்மேல் தென்கிழக்கு இங்கிலாந்தின் படம் வரைந்திருக்கிறது. சுற்றிலும் காதில் டெலிபோன் மாட்டிய பெண்கள் நீண்ட கோலால் சிறு அடையாளக் கட்டைகளை நகர்த்துவார்கள். ஒவ்வொரு கட்டையும் வருகிற எதிரிக் கூட்டம் ஒன்று. எத்தனை விமானம், எவ்வளவு உயரம் என்று அதிலேயே எண் இருக்கும். எதிர்ச் சுவரில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் வரிசையாக விளக்குகள். தயாராக இருக்கிறார்களா, ஏறிவிட்டார்களா, எதிரியைக் கண்டுவிட்டார்களா, இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்கிறார்களா — எல்லாம் விளக்கைப் பார்த்தாலே தெரியும். மாடியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதிகாரிகள் இதையெல்லாம் பார்த்து உத்தரவு போடுவார்கள்.

சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்து நிமிஷமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். பெரிய முள் மஞ்சளில் இருக்கும்போது வந்த சேதிக்கு மஞ்சள் அடையாளம். முள் நீலத்துக்குப் போய்விட்டால் புதுச் சேதிக்கு நீல அடையாளம். மேஜைமேல் பழைய வர்ணம் கிடந்தால் அது பழைய சேதி, நம்பக்கூடாது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நம் ஊர்க் கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே இப்படி ஒரு கடிகாரம் இருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகும் என்று எனக்குத் தோன்றியது.

ஏன் இத்தனை ஏற்பாடு? பிரான்ஸ் தேசத்துக் கரைக்கும் டோவருக்கும் நடுவே 21 மைல்தான். குண்டு விமானம் ஆறேழு நிமிஷத்தில் கடந்துவிடும். ஸ்பிட்பயரோ ஹரிக்கேனோ தரையிலிருந்து கிளம்பி 20,000 அடிக்கு ஏற அதைப்போல் இரண்டு பங்கு நேரமாகும். கடலோரத்தில் 360 அடி உயர இரும்புக் கோபுரங்களை நட்டு, ராடார் மூலம் பிரெஞ்சுக் கரையில் எதிரிகள் கூடும்போதே கண்டார்கள். கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், தொலைநோக்கியும் கையுமாக வயலோரத்தில் நின்ற உள்ளூர்த் தொண்டர்கள் கண்டு சொன்னார்கள். எல்லாச் சேதியும் சில நிமிஷத்துக்குள் இந்த மேஜைக்கு வந்தாக வேண்டும்.

எதிரிக்கும் நிமிஷக் கணக்குத்தான். மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் சண்டை விமானம் லண்டன்வரை வந்தால், சண்டை போடப் பத்து நிமிஷத்துக்குத்தான் பெட்ரோல் இருக்கும். அதற்குமேல் நின்றால் திரும்பும் வழியில் கடலில் விழ வேண்டியதுதான். ஸ்பிட்பயரின் இறக்கைகளில் எட்டுத் துப்பாக்கிகள். விடாமல் சுட்டால் எத்தனை நேரத்துக்கு ரவை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய 15 விநாடி! அதை இரண்டு விநாடி, மூன்று விநாடியாகப் பிரித்துச் சுட்டுக்கொள்ள வேண்டும். டெலிவிஷன் படத்தில் ஒரு சண்டைக்கு ஐந்து நிமிஷம் சுடுகிறார்கள்; அத்தனை ரவையை எந்தப் பெட்டியில் வைத்தார்களோ தெரியவில்லை.

சுடப்பட்டவர்களில் பலர் தங்களைச் சுட்டது யார் என்று பார்க்கவே இல்லை. பின்னாலிருந்து, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, ஒரு பாய்ச்சல், முடிந்தது. நூறு விமானம் சுழன்றுகொண்டிருந்த ஆகாயம் அடுத்த நிமிஷம் ஒரு பறவைகூட இல்லாமல் காலியாகிவிடும் என்று அதிலிருந்து திரும்பியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த 2,900 பேரில் பெரும்பகுதியினர் கணக்கில் ஒரு எதிரி விமானம்கூட இல்லை. ஏறினார்கள், தேடினார்கள், தலை தப்பி இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். அவர்களைப் பற்றி எந்தப் படம் எடுப்பது?

செப்டம்பர் 15-ந் தேதி, ஹோம்ஸ் மோதிய அதே ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் தம் மனைவியுடன் இந்த அறைக்கு வந்திருந்தார். குரூப் தலைவர் கீத் பார்க், நியூஸிலாந்துக்காரர். உள்ளே காற்றோட்டம் போதாது, சுருட்டுப் பிடிக்கக்கூடாது என்று பிரதம மந்திரிக்கே சொல்லிவிட்டார்கள்! பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு சர்ச்சில் உட்கார்ந்திருந்தார். சுவரிலிருந்த விளக்குகளைப் பார்த்தார். எல்லாப் படைப்பிரிவும் மேலே போய்விட்டது. கைவசம் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் பார்க். இந்தக் காட்சியை டெலிவிஷன்காரர்கள் விடுவதே இல்லை, விடக்கூடாதுதான். ஆனால் கோல் பிடித்த அந்தப் பெண்களை இரண்டு விநாடி காட்டிவிட்டு ஆகாயத்துக்கு ஓடிவிடுகிறார்கள். பலருக்கு இருபது வயதுதான். எந்தக் கட்டை எந்தப் பையனை நோக்கிப் போகிறது என்று தெரிந்துகொண்டே நகர்த்தியவர்கள்.

அன்று ராத்திரி லண்டன் ரேடியோவும் மறுநாள் பத்திரிகைகளும் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகச் சொல்லின. யுத்தம் முடிந்து ஜெர்மானியர் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய 60 என்று தெரிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் இரண்டிரண்டு விநாடி சுட்டுவிட்டு, மூன்று பேரும் "என்னுடையது" என்று எழுதிக்கொடுத்தார்கள். நின்று பார்த்து எண்ண அங்கே யாருக்கு நேரம்? கரும்புகை கக்கிக்கொண்டு கீழே பாய்ந்த மெஸ்ஸர்ஷ்மிட் விழுந்துவிட்டது என்று நினைப்பார்கள். அது முழு வேகத்தில் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மானியர் கணக்கிலும் இதே கோளாறு உண்டு. ஆகையால் டெலிவிஷனில் 'இத்தனை விமானம் வீழ்த்திய சூரர்' என்று எண்ணோடு சொன்னால், அதைச் சந்தைக்கடை எடையைப் போல் கொஞ்சம் கழித்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவரில் படைப்பிரிவுகளின் எண்களைப் பார்க்கும்போது இரண்டு எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 79, 264. இரண்டும் 1940 கோடையில் இந்த அறையின் உத்தரவில் பறந்தவை. போர்க்காலத்தில் நன்கொடைக்குப் பதில் மரியாதையாக இவற்றின் பெயரோடு 'மதராஸ் ராஜதானி' என்று சேர்த்தார்கள். 234-வது படைப்பிரிவுக்கும் அதே பெயர். ஆமாம், நம் சென்னை ராஜதானிதான்! நம்மவர்கள் அவற்றை ஓட்டினார்கள் என்று அர்த்தமில்லை. நம் ஜில்லாக்களில் வசூலான பணம் அங்கே பெயராயிற்று. 264-க்கு வாய்த்தவை டிபயண்ட் என்ற விமானங்கள். அதில் முன்பக்கம் சுடத் துப்பாக்கியே கிடையாது. விமானிக்குப் பின்னால் ஒரு சுழலும் கூண்டு. அதில் ஒருவர் நான்கு துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருப்பார். முன்னாலிருந்து வந்த எதிரிக்கு இது நல்ல வேட்டையாகிவிட்டது. ஆகஸ்டு கடைசியில் ஒரு வாரத்துக்குள் பெரும் சேதம். பிறகு இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்பிட்பயரைக் காட்டிக் காட்டி நம் கண்ணைப் பறிக்கும் படங்களில் டிபயண்ட் வருவது அபூர்வம். தோற்ற விமானத்துக்கு யார் முரசு கொட்டுவார்கள்? ஹரிக்கேனுக்குக்கூட இரண்டாம் இடம்தான். அந்த யுத்தத்தில் அதிக எதிரிகளை வீழ்த்தியது ஹரிக்கேன்தான் என்பது வேறு விஷயம். பாவம், அது அவ்வளவு அழகில்லை.

★

கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே டக்ஸ்போர்டு என்ற விமான நிலையம் இருக்கிறது. ரயிலில் விட்டில்ஸ்போர்டில் இறங்க வேண்டும். 1938 ஆகஸ்டில் முதல் ஸ்பிட்பயர் படையில் சேர்ந்தது இந்த இடத்தில்தான். இப்போது பெரிய அருங்காட்சியகம். விமானங்களை வெறுமே நிறுத்தி வைக்காமல் கோடையில் பறக்கவும் விடுகிறார்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் ஒரு முழு நாள் போய்விடும், பையிலிருக்கும் பணத்தில் கணிசமான பகுதியும் போய்விடும்.

நான் உங்களை அங்கே அழைப்பது வேறு காரணத்துக்காக. அங்கிருக்கும் பழைய கொட்டகைகளை எண்ணுங்கள். முதல் உலக யுத்தக் காலத்தவை, மூன்று இருக்கும். நான்காவது எங்கே? ஜெர்மானியர் குண்டு போட்டு அழித்தார்கள் என்று நினைத்தால் தவறு. 1968-ல் 'பேட்டில் ஆப் பிரிட்டன்' என்ற சினிமாவுக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள்!

மறு வருஷம் வெளிவந்த அந்தச் சினிமாவின் துண்டுகளை அதற்குப் பிறகு நிஜப் படம் போலவே எத்தனையோ டெலிவிஷன் நிகழ்ச்சிகளில் சேர்த்துவிட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்லுகிறேன். 1940-ஆம் வருஷத்துச் சண்டை பளிச்சென்ற வர்ணத்தில், மிக நெருக்கத்தில் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அதில் வரும் ஜெர்மன் விமானத்தின் மூக்கைப் பாருங்கள். தாடை தொங்கினாற்போல் பெரிதாக இருந்தால் அது ஸ்பெயின் தேசத்தில் செய்தது. உள்ளே இருப்பது ஸ்பிட்பயருக்குப் போட்ட அதே ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் என்ஜின்! எதிரிக்கும் நமக்கும் ஒரே குரல். (இதில் இன்னொரு வேடிக்கை: 1935-ல் முதல் முதலாக மெஸ்ஸர்ஷ்மிட் 109 பறந்ததே ஒரு ரோல்ஸ்ராய்ஸ் என்ஜினை வைத்துக்கொண்டுதான்.)

கறுப்பு வெள்ளையில் நடுங்கிக்கொண்டு ஓடும் துண்டுகள் நிஜமானவை. இறக்கையில் சிறு காமிரா வைத்து, துப்பாக்கிப் பொத்தானை அழுத்தினால் அதுவும் ஓடும்படி செய்திருந்தார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யுத்தத்தின் பிந்திய ஆண்டுகளில் எடுத்தவை. அவை ஊமைப் படங்கள். சத்தம் முழுவதும் பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து சேர்த்தது. 2006 முதல் சில வருஷம் அமெரிக்காவில் 'டாக்பைட்ஸ்' என்று ஒரு தொடர் வந்தது. சண்டை முழுவதையும் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினார்கள். யார் எங்கே திரும்பினார் என்பது நன்றாக விளங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தேவர்கள் பார்ப்பது போல் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். கண்ணாடிக் கூண்டுக்குள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் புண்ணாக்கிக்கொண்ட பையன் பார்த்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

நல்ல படமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1973-ல் தொடங்கி 26 பகுதிகளாக வந்த 'தி வேர்ல்டு அட் வார்' தொடரைப் பாருங்கள். லாரன்ஸ் ஒலிவியர் குரல் கொடுத்தது. அதில் யுத்தத்தில் இருந்தவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்கள் முகத்தையே காட்டுகிறார்கள். பேச்சு நடுவே நின்றால் காமிராவும் பொறுமையாகக் காத்திருக்கிறது.

★

அடுத்த இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்பதை நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். விக்டோரியா ஸ்டேஷனிலிருந்தே ரயில். ஒரு மணி நேரப் பிரயாணம். ஸஸெக்ஸ் மாகாணத்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிறு ஊர். பழைய காலத்து மரச்சட்ட வீடுகள், டீக்கடைகள், மாதாகோயில்.

படத்தில் விமானம் தீப்பற்றியதும் காட்சி மாறிவிடுகிறதல்லவா? அந்தக் காட்சியின் மிச்சம் இந்த ஊரில் இருக்கிறது. ஸ்பிட்பயரிலும் ஹரிக்கேனிலும் விமானிக்கு நேர் முன்னாலேயே பெட்ரோல் தொட்டி. அதில் குண்டு பட்டால் சில விநாடிகளுக்குள் முகமும் கையும் வெந்துவிடும். வெயில் என்று கையுறையும் கண்ணாடியும் போடாதவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களை இங்கேயுள்ள விக்டோரியா மகாராணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். டாக்டர் ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, இவரும் நியூஸிலாந்துக்காரர்தான். கடலில் விழுந்த விமானிகளின் தீப்புண் மற்றவர்களுடையதைவிட நன்றாக ஆறுவதைக் கவனித்து, உப்பு நீர்க் குளியல் கொடுக்க ஆரம்பித்தார். தோலை எடுத்து ஒட்டி மூக்கும் இமையும் உதடும் புதிதாகச் செய்தார். ஒருவருக்கே பத்து, இருபது ஆபரேஷன்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். நோயாளி உடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, விமானப்படை உடுப்போடு ஊருக்குள் போய்வரச் சொன்னார். ஊராரிடம் முன்கூட்டியே பேசி வைத்தார்: இந்தப் பையன்கள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், வெறித்தும் பார்க்காதீர்கள். ஊர் அதைக் கேட்டது. கடையிலும் சினிமாவிலும் நடன சாலையிலும் அவர்களை மனிதராகவே நடத்தியது. 'வெறித்துப் பார்க்காத ஊர்' என்று இன்றும் அதற்குப் பெயர்.

1941-ல் அந்த நோயாளிகள் ஒரு சங்கம் வைத்தார்கள். டாக்டர்கள் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளும் சிறு பிராணியின் பெயரைத் தங்களுக்கே சூட்டி, 'கினி பிக் சங்கம்' என்றார்கள். பொக்கிஷதாரராகக் கால் வெந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாதாம். காரியதரிசியோ விரல் வெந்தவர். நீளநீளமாகக் கூட்ட நடவடிக்கை எழுதித் தொந்தரவு செய்யமாட்டாராம்! யுத்த முடிவில் சங்கத்தில் 649 பேர். ஆரம்பத்தில் சண்டை விமானிகள். போகப் போகப் பெரும்பாலோர் குண்டு விமானங்களில் போனவர்கள்.

ஊர் நடுவே 2014-ல் ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் விமானி, விரல்கள் மடங்கிப்போயிருக்கின்றன. பின்னால் டாக்டர் நின்றுகொண்டு அவன் இரு தோள்களிலும் கை வைத்திருக்கிறார். செய்த சிற்பி மார்ட்டின் ஜென்னிங்ஸ். அவருடைய தகப்பனார் யுத்தத்தில் டாங்கிப் படையிலிருந்து தீப்புண் பட்டு இதே டாக்டரிடம் சிகிச்சை பெற்றவர். எதிரே உட்கார ஆசனம் உண்டு. உட்காருங்கள், அந்த முகத்தைப் பாருங்கள். பார்ப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

தீப்பற்றிய விமானம் என்றதும் ஜேம்ஸ் நிக்கல்ஸன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1940 ஆகஸ்டு 16-ல் ஸௌதாம்ப்டன் பக்கத்தில் அவருடைய ஹரிக்கேன் எரிந்தது. குதிக்கப்போன சமயத்தில் எதிரி விமானம் ஒன்று குறுக்கே வர, எரியும் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து அதைச் சுட்டுவிட்டுப் பிறகு குதித்தார். பாராசூட்டில் இறங்கும்போது, ஜெர்மானியன் என்று எண்ணிக் கீழிருந்த ஊர்க்காவலர் அவர்மேல் சுட்டுவிட்டார்கள்! யுத்தம் முழுவதிலும் சண்டை விமானப்படையில் விக்டோரியா சிலுவை பெற்றவர் அவர் ஒருவர்தான். டெலிவிஷனில் கதை இங்கே முடிந்துவிடும். நிக்கல்ஸன் கதை முடிந்ததோ நம் கடலில். 1945 மே 2-ந் தேதி, ஐரோப்பாவில் யுத்தம் ஓய ஒரு வாரம்கூட இல்லாதபோது, வங்காளத்திலிருந்து கிளம்பிய ஒரு லிபரேட்டர் விமானத்தில் பார்வையாளராகப் போனார். அது வங்காள விரிகுடாவில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. அவர் பெயரைச் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள்.

★

கடைசியாகக் கடலோரம். லண்டனிலிருந்து ரயிலில் போக்ஸ்டன். அங்கிருந்து டோவர் போகும் வழியில், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளின் உச்சியில், கேப்பல் லெ பெர்ன் என்ற கிராமம். கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதீர்கள். ஆகஸ்டு மாதத்திலும் காற்று ஆளைத் தள்ளும். 1993-ல் திறந்த நினைவுச் சின்னம் இங்கே இருக்கிறது. புல்தரையில் பிரம்மாண்டமான விமானச் சுழலியின் அலகுகளைப் பதித்திருக்கிறார்கள். அதன் நடுவே கல்லில் செதுக்கிய விமானி ஒருவன். துப்பாக்கி இல்லை, கட்டை விரலை உயர்த்தவில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

சற்றுத் தள்ளிக் கருங்கல் சுவரில் அத்தனை பேருடைய பெயரும் இருக்கிறது. ஹோம்ஸ் இருக்கிறார், நிக்கல்ஸன் இருக்கிறார், ஹெமிங்வே இருக்கிறார். வாயில் நுழையாத போலந்துப் பெயர்கள், செக் பெயர்கள் நிறைய உண்டு. தங்கள் தேசத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்து இங்கே பறந்தவர்கள். 145 பேர் போலந்துக்காரர்கள். அவர்களுடைய 303-வது படைப்பிரிவு ஆகஸ்டு கடைசி நாளில்தான் களத்தில் இறங்கியது, ஆனாலும் ஹரிக்கேன் படைகளில் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. பெயர்களை மெதுவாகப் படித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலானவை நீங்கள் எந்தப் படத்திலும் கேட்டிராத பெயர்கள்.

பிறகு அந்தக் கல் விமானிக்குப் பக்கத்தில் நின்று அவன் பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். டோவரிலிருந்து கலேக்குப் போகும் கப்பல்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். வானம் தெளிவாக இருந்தால் அக்கரை ஒரு கோடு போல் தெரியும்.